சீரக மிட்டாயும் குவைத் மாத்திரையும்

786

திருச்சிராப்பள்ளி,
17-5-84

அன்பு மகன் சேக் மைதீனுக்கு உன் அம்மா ஜைத்தூன் பீவி சொல்லச் சொல்ல, உன் தங்கை நசீரா எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமலும், கண்ணேறு படாமலும், அந்த வெயிலில் கால் தளராமலும் வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் எப்போதும் முதல் வரி எழுதச் சொல்வேன், இந்தத் தடவையும் நசீரா அதைத்தான் எழுதப் போனாள், நான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். உன் அத்தா சுகம், நசீரா சுகம், நான் சுகமில்லை. நீ வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இதைப் பிரித்திருந்தால் மடித்து வைத்துவிடு, இரவு சாப்பிட்ட பிறகு தனியாக உட்கார்ந்து படி, அறையில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டாதே. இந்தக் கடிதம் எழுதுவது உன் அத்தாவுக்குத் தெரியாது. அவர் பூட்டுக் கடைக்குப் போன பிறகு, மதியம் சாப்பிட வருவதற்குள், மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது மறந்துபோகிறது, சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிடுகிறது, நசீரா கடைசி வரியைப் படித்துக் காட்டினால் மறுபடி பிடித்துக்கொள்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி டீச்சர் காலையில் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகும்போது தபாலில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கேசட்டில் பேசி அனுப்பினால் போதுமே, இவ்வளவு சிரமப்பட்டுக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நாங்கள் பேசி அனுப்பிய கேசட்டைக் கேட்டுவிட்டு நீ என்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா. அத்தா பேசுறாங்க, நசீரா சலாம் சொல்லிட்டு ஓடிடுறா, அம்மா ஏன் பேசல, நடுவுல பேசுற அந்தப் பெரியவர் யாரு என்று கேட்டிருந்தாய். அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. உன் அத்தா அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார், கடைக்குப் பூட்டு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் எம் பொண்டாட்டிக்கு மீச ஒண்ணுதான் பாக்கி என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன், தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது, மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள் நசீரா டேப் பெட்டியைத் துடைக்கும்போது நாலு வருஷத்துக்கு முந்தைய கேசட்டைப் போட்டுவிட்டாள். அதில் ஒரு பொம்பளை மணி அடித்த மாதிரி பேசுகிறாள், மூச்சு விடாமல் தெருக்கதை எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். யாரு புள்ள இது, நல்லாப் பேசுதே என்று நான் கேட்டுவிட்டேன். நசீரா பெட்டியை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது நான் என்று எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து அந்தப் பெட்டி முன்னால் உட்கார எனக்குத் துணிவு இல்லை.

முதலில் வந்த நோயை உனக்கு முழுதாக எழுதியதே இல்லை, அந்நிய நாட்டில் இருக்கிற பிள்ளை பயப்படும் என்று உன் அத்தா பாதியை மறைத்துவிட்டார். நீ குவைத்துக்குப் போன மறு வருஷம், ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பிட்டும் என் உடம்பு உருகிக்கொண்டே வந்தது. மார்கழியில் எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்க நான் வேர்த்து நனைந்து சிமெண்டுத் தரையில் படுப்பேன். டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ கையில்தான். நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே தெரியும், ரவிக்கை அசையும், உன் அத்தா அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவார். கண் இரண்டும் முழித்துப் பார்த்தபடி வெளியே வந்துவிட்டது. கோபம் வந்தால் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது, ஒரு தடவை சோற்றுத் தட்டை உன் அத்தா மேல் எறிந்துவிட்டேன். தெருவில் ஷைத்தான் பிடித்திருக்கிறது என்றார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து மூன்று வெள்ளிக்கிழமை ஓதி ஊதினார், தண்ணீர் ஓதிக் கொடுத்தார், கடைசியில் அவரேதான் உன் அத்தாவிடம், கனி பாய், இது நம்ம ஓதலுக்கு அடங்குற சங்கதி இல்ல, டாக்டர்ட்ட காட்டுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சோறு வடிக்க முடியாமல் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்ட அன்றைக்குத்தான் நசீராவை எட்டாவதோடு ஸ்கூலை விட்டு நிறுத்தினோம், படிப்பு ஏறாமல் நிறுத்தியது என்று வெளியில் சொன்னோம். அது பொய். அவள் வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருகிற பிள்ளை. இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுதித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்போது பார்த்த டாக்டர் என் கழுத்தைத் தடவிப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீரை விழுங்கச் சொல்லித் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தைராய்டு என்ற சுரப்பி தேவைக்கு மேல் வேலை செய்கிறது, அதை அடக்க மாத்திரை இருக்கிறது, வேளைக்கு இரண்டாக மூன்று வேளை சாப்பிட வேண்டும், ஆறு வாரத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், அடங்க அடங்க நான் குறைத்துக்கொண்டே வருவேன் என்றார். தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்றும் சொன்னார். எல்லாவற்றையும் சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். மூன்று தடவை போனோம், இன்னும் முழுதாக அடங்கவில்லை, இதே அளவு தொடரட்டும் என்றார். மாத்திரை இங்கே ஒரு கடையில் இருந்தால் இன்னொரு கடையில் இல்லை, மலைக்கோட்டைப் பக்கம் இருக்கிற மெடிக்கல் ஷாப் ஒன்று விடாமல் உன் அத்தா நடந்தார். அதன் பிறகுதான் உனக்கு மாத்திரையின் பெயரை எழுதினார், நீயும் தேடி வாங்கி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட்டாய். முதல் டப்பா வந்த அன்று உன் அத்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த ஆறு வாரம் வந்தபோது, சீட்டுல மறுபடி காட்டணும்னு போட்டிருக்கே அத்தா என்று நசீரா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள், அவள் பேசுவது பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே கேட்காது. அதுக்கு அவர், டாக்டர்ட்ட எதுக்குப் போறோம், மாத்திர எழுதி வாங்கத்தான, அதத்தான் எம்புள்ள அனுப்பிட்டானே என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் நியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படியே இரண்டரை வருஷம் போய்விட்டது தம்பி. குறைக்க வேண்டியதை யாரும் குறைக்கவில்லை, நிறுத்த வேண்டியதை யாரும் நிறுத்தவில்லை. முதல் நாள் எழுதிக் கொடுத்த அதே ஆறு மாத்திரையை ஒரு வேளை தவறாமல் விழுங்கினேன்.

ஆரம்பத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று உனக்கு எப்படிச் சொல்வது. கை நடுக்கம் நின்றது, கண் உள்ளே போனது, உடம்பில் சதை பிடித்தது. உன் அத்தா என்னை ரிக்‌ஷாவில் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய், பிளாட்பாரத்தில் இருக்கிற எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவார், அதில் விழுகிற அட்டையைக் கொண்டுபோய் கடையில் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைப்பார். ஒவ்வொரு தடவையும் எடை கூடக்கூட அவருக்குப் பெருமை. மணப்பாறையில் ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போயிருந்தோம், அங்கே பொம்பளைகள் என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குவைத் காசு கல்லாவுல ஏறும்னு பாத்தா உடம்புல இல்ல ஏறியிருக்கு, மகன் அனுப்புறத எல்லாம் ஒருத்தியே திங்கிறியா ஜைத்தூன் என்று கேலி செய்தார்கள். நான் பூரித்துப் போனேன். அது நல்ல சதை இல்லை என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. சாப்பாடு குறைந்துகொண்டே போனது, எடை கூடிக்கொண்டே போனது. வளையல் கழற்ற முடியாமல் போய், சோப்புப் போட்டும் எண்ணெய் போட்டும் வராமல், ஆசாரியிடம் கொண்டுபோய் வெட்டி எடுத்தோம், அப்போதுகூட உன் அத்தா, வெட்டுனா என்ன, பெருசா செஞ்சு போட்டுக்கலாம் என்று சிரித்தார். நோயை நோய் என்று கண்டு பயந்தவர்கள் நாங்கள், இந்த நோயைச் சுகம் என்று நினைத்து ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தோம்.

இப்போது எப்படி இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அக்னி நட்சத்திரம் நடக்கிறது, தெருவில் நாய்கூட நடமாடவில்லை, நான் நீ கொடுத்துவிட்ட புலி படம் போட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்படியும் கை கால் சில்லென்று இருக்கிறது. முகம் ஊதி, இமை தடித்து, புருவத்தில் ஓரத்து மயிர் உதிர்ந்துபோய், கண்ணாடியில் பார்த்தால் யாரோ பார்க்கிறார்கள். தலையைச் சீவினால் சீப்பு நிறைய வருகிறது. தோல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பெண்களுக்கு உள்ள வேறு தொல்லைகளும் உண்டு, அது மகனுக்கு எழுதும் விஷயம் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுவதில்லை, யாராவது ஏதாவது கேட்டால் பதில் எங்கேயோ கிணற்றுக்கடியில் இருக்கிறது, இழுத்து வருவதற்குள் கேட்டவர்கள் போய்விடுகிறார்கள். இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். நேற்று பராஅத் இரவு. மஃரிபு தொழுகைக்குப் பிறகு யாசீன் சூராவை மூன்று தடவை ஓத வேண்டும் அல்லவா, முதல் யாசீன் நீண்ட ஆயுளுக்கு. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நான் பார்க்காமல் ஓதுகிற யாசீன். நாலு ஆயத்து ஓதினேன், ஐந்தாவது வரவில்லை. மறுபடி முதலிலிருந்து வந்தேன், அதே இடத்தில் நின்றது. நசீரா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தாள், அவள் எடுத்துக் கொடுக்கும்போதே நான் தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தபோது நேரம் கடந்திருந்தது, அவள் எனக்கும் சேர்த்து மூன்றையும் ஓதி முடித்திருந்தாள். தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று தெரியாமல் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன் தம்பி. என்னிடம் அல்லாஹ்வும் இல்லாமல் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது, அந்தப் பயமும் கொஞ்ச நேரத்தில் மறந்துபோகிறது.

என்னைப் பார்த்துச் சந்தேகப்பட்டது பாக்கியமேரி டீச்சர்தான். அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மா ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டிலேயே சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்கிறார், போன மாதம் டீச்சர் சொல்லி உன் அத்தா என்னையும் நசீராவையும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கூட்டிப்போனார். பாலத்தின் மேல் பஸ் போகும்போது காற்று அடித்தது, எனக்குப் பல் கிட்டிக்கொண்டது, பக்கத்தில் இருந்த பொம்பளை காய்ச்சலா என்று கேட்டாள். டாக்டரம்மா சின்ன வயசுதான், ஐயங்கார் வீட்டுப் பெண். என்னைப் பேசச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டார். நாற்காலியில் முட்டி போடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியால் தட்டினார், உன் அத்தா காலைத் தட்டியபோது பாதம் சட்டென்று துள்ளி நின்றது, என் பாதம் போய்விட்டு, திரும்பி வரலாமா வேண்டாமா என்று யோசித்து வந்தது. நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு என்ன மருந்து சாப்பிடறேள் என்று கேட்டார், நசீரா டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். எத்தனை நாளா என்றார், இரண்டரை வருஷம் என்று உன் அத்தா பெருமையாகச் சொன்னார், ஒரு நாள் விடாமக் குடுத்திருக்கோம்மா என்று வேறு சொன்னார். டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். திரி ஸ்டவ் வெச்சிருக்கேளா ஆத்துல, நெருப்பு அதிகமா எரிஞ்சா திரியக் கீழ இறக்குவேள், இறக்கிண்டே போனா என்ன ஆகும், அணைஞ்சுடும், இவாளை நீங்க அணைச்சுண்டு இருக்கேள் என்றார். இந்த மாத்திரையை இன்றைக்கே நிறுத்த வேண்டும், சுரப்பி கொடுக்காமல் விட்டதை வேறு ஒரு மாத்திரையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும், நாள் ஆனாலும் ஆள் திரும்பி வந்துவிடுவார், விட்டுவிட்டால் ஒரு சளிக் காய்ச்சல் போதும், தூக்கத்தில் இருந்து எழுந்திருக்க மாட்டார் என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

இதற்கு மேல் உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாமல் முடியாது என்று இப்போது தெரிகிறது. டாக்டரம்மா கோபத்தில், டாக்டரைக் கேக்காம இதை வாங்கி வாங்கி அனுப்பறது யாரு என்று கேட்டார். என் மகன் என்று சொன்னோம். அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொன்னுண்டு இருக்கான்னு அந்தப் பிள்ளைக்கு யாராவது சொன்னேளா என்று கேட்டுவிட்டார். உன் அத்தா எழுந்து நின்றுவிட்டார். இந்த முப்பது வருஷத்தில் ஒரு பொம்பளையிடம் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை, எம்புள்ள பேர இன்னொரு தடவ அந்த வாயால சொல்லாதீங்க, அவன் சுடுமணல்ல நின்னு சம்பாதிச்சு அவன் தாய்க்கு அனுப்புறான் என்று கத்தினார், எழுதி வைத்திருந்த சீட்டைக்கூட எடுக்காமல் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மறுநாள் டாக்டரம்மா டீச்சரிடம், வாய் தவறிட்டது, கோச்சுக்காம அழைச்சுண்டு வரச் சொல்லுங்கோ, நான் மன்னிப்புக் கேக்கறேன் என்று சொல்லி அனுப்பினார். டீச்சர் வந்து, கனி பாய், உங்க ரோஷத்துக்கு இந்த அம்மா உசிரையா குடுப்பீங்க என்று நேருக்கு நேர் கேட்டார். அவர் அசையவில்லை. எம்புள்ளையக் கொலகாரன்னு சொன்ன வாசப்படிய மிதிக்க மாட்டேன் என்கிறார். ஆனால் ரோஷம் மட்டும் இல்லை தம்பி, நான் அவரோடு குடித்தனம் செய்தவள், எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பழைய நோய் திரும்பி வந்துவிடும் என்று நடுங்குகிறார். எலும்பும் தோலுமாகக் கண் முழித்துக்கொண்டு கிடந்தவளை அவர் பார்த்திருக்கிறார். இன்னொன்றும் இருக்கிறது, அந்த டாக்டரம்மா சொன்னது நிஜம் என்றால், எடை மெஷின் அட்டையை ஒட்டிவைத்துச் சிரித்த அத்தனை நாளும் என்ன ஆகிறது. அதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது நான் சொல்லப்போவதை நசீரா எழுதாமல் இருந்தாலும் இருப்பாள். ஸ்ரீரங்கத்தில் இருந்து வந்த மறுநாளிலிருந்து என் உள்ளங்கையில் இவள் வைத்தது உன் மாத்திரை இல்லை. அதே ரோஸ் நிறம், அதே அளவு. நாக்கு தடித்துப்போய் ருசி தெரியாது என்று நினைத்துவிட்டாள். விழுங்கிய பிறகு சீரக வாசம் வந்தது. சீரக மிட்டாயைப் பொறுக்கிப் பொறுக்கி, உருண்டையாக இருப்பதை எடுத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். யாராவது வாசலில் வந்து கூப்பிட்டால் பதில் சொல்லக் கூச்சப்பட்டு அடுப்படிக்குள் ஓடுகிற பிள்ளை, தகப்பனுக்குத் தெரியாமல் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறாள். எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. எழுது புள்ள, அண்ணனுக்குத்தான சொல்றேன் என்றால் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், தாளில் ஒரு சொட்டு விழுந்துவிட்டது, மை கலைந்திருந்தால் அதுதான். இரண்டரை வருஷமும் மாத்திரையை எடுத்துக் கொடுத்தது தன் கை, அதனால் தான்தான் என்னைக் கெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. இல்லை என்று நான் சொல்லலாம், ஆனால் சொல்வதற்குள் தூங்கிவிடுகிறேன். நீ இவளுக்குத் தனியாக இரண்டு வரி எழுது.

மிட்டாயும் இருபது நாளோடு முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை, அங்கே உன்னோடு வேலை செய்கிற முஜிபுர் ரஹ்மான் லீவில் வந்து இறங்கினான், நீ கொடுத்துவிட்ட பார்சலை அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்தான், நாலு டப்பா. என்னைப் பார்த்துவிட்டு அவனுக்கு முகம் மாறிவிட்டது, என்ன மாமி இப்படி ஆயிட்டாங்க, மாத்திர ஒழுங்கா போடுறாங்களா, வேளை தவறுதோ என்று உன் அத்தாவிடம் கேட்டான், அவன் கேட்டது அக்கறையில்தான். அன்று இரவிலிருந்து டப்பாவை உன் அத்தா தன்னிடமே வைத்துக்கொண்டார். மூன்று வேளையும் அவரே கடையிலிருந்து வந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்து, தன் கையால் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, பிஸ்மி சொல்லு ஜைத்தூன், பிஸ்மி சொல்லி முழுங்கு என்கிறார். ஒரு நாள் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் காலடியில் உட்கார்ந்து, என்ன விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்குறியா என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். அவரோடு வாதாட என்னிடம் வார்த்தை இல்லை, வார்த்தை வருவதற்குள் மாத்திரை உள்ளே போய்விடுகிறது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பிவிடலாம் என்று பார்க்கிறேன், பாதி வேளை முடிகிறது, பாதி வேளை அப்படியே தூங்கிப்போய் அது கரைந்துவிடுகிறது. இப்படி ஒரு அன்பைக் கொடுத்து இப்படி ஒரு மருந்தையும் கொடுக்கிற மனுஷனிடமிருந்து நான் எங்கே போய் ஒளிவேன். அவருக்கு நான் சொன்னால் ஏறாது, டீச்சர் சொன்னால் ஏறாது, டாக்டர் சொன்னால் ஏறாது. நீ சொன்னால் மட்டும்தான் ஏறும். மாத்திரை உன்னுடையது.

நீ இதைப் படித்துவிட்டு என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும், அதை நினைத்தால்தான் இந்த மரத்துப்போன நெஞ்சிலும் ஏதோ அசைகிறது. நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டாய், அதனால் அப்படிச் சொல்லவில்லை. கேட்காமல் அனுப்பினாய், கேட்காமல் கொடுத்தோம், கேட்காமல் விழுங்கினேன், மூன்றும் ஒரே தப்பு, அதில் உன் பங்கு என் பங்கை விடப் பெரியது இல்லை. வேலையை விட்டுவிட்டு வந்து நிற்காதே. நீ டிக்கெட் வாங்கி, கம்பெனியில் பாஸ்போர்ட் வாங்கி, பம்பாய் வந்து ரயில் ஏறி வருவதற்குள் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. உடனே கடிதம் போட்டாலும் பதினைந்து நாள். அவ்வளவு நாள் என்னால் முடியுமா என்று கேட்காதே, எனக்கு நாள் கணக்கே நிற்பதில்லை, நாளைக்கே நோன்புப் பிறை தெரிந்தாலும் தெரியாது, எதுவும் வேண்டும் என்றும் தோன்றவில்லை, பிழைக்க வேண்டும் என்ற ஆசைகூட இந்த நோயில் அணைந்துபோகிறது போலிருக்கிறது. நசீரா முகத்தைப் பார்க்கிறபோது மட்டும், தன் கைதான் அம்மாவைக் கொன்றது என்று இந்தப் பிள்ளை நினைக்கும்படி விட்டுச் சாகக் கூடாது என்று தோன்றுகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இதைப் படித்த மறுநாள் தந்தி ஆபீஸுக்குப் போய் உன் அத்தா பெயருக்கு ஒரு தந்தி கொடு. மாத்திரையை நிறுத்துங்கள், அம்மாவை ஸ்ரீரங்கம் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், சேக் மைதீன், இவ்வளவு போதும். இந்தக் கடிதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம், முஜிபுர் என்னைப் பார்த்துவிட்டு, டீச்சரிடம் விசாரித்து உனக்கு எழுதியதாக அவர் நினைத்துக்கொள்ளட்டும். தந்தி இங்கிலீஷில் வரும், படிக்கச் சொல்லி டீச்சர் வீட்டுக்குத்தான் ஓடுவார், மற்றதை டீச்சர் பார்த்துக்கொள்வார். தந்திக்காரன் சைக்கிள் இந்தத் தெருவில் நின்றால் யாரோ மௌத்தாகிவிட்ட செய்தி என்றுதான் அர்த்தம், உன் அத்தாவுக்குக் கை கால் ஓடாது, பரவாயில்லை, பயப்படட்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனசையும் ஹலாலான ரிஸ்க்கையும் பிழைப்பையும் கொடுப்பானாக. பஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, எனக்காகத் துஆச் செய், நான் ஓத மறந்ததை நீ ஓது. இங்கிருந்து உனக்கு ஒரு தந்தி வரும்படி ஆவதற்குள் அங்கிருந்து அந்த ஒரு தந்தி வந்துவிட வேண்டும் தம்பி.

உன்னைப் பெற்ற
ஜைத்தூன் பீவி

(எழுதியவள் நசீரா)